ஆயிரத்து ஒன்பதாவது ஆடு

ஒரே ஒரு ஊர்ல, ஊருக்கு மேற்கே ஒரு மலை இருந்துச்சு. வர்ற மேகமெல்லாம் மலைக்கு அந்தாண்டையே கொட்டித் தீத்துட்டு, இந்தாண்ட வரும்போது வெறுங்கையோட வரும். அதனால அந்தாண்ட முழங்கால் உயரத்துக்குப் புல்லு, இந்தாண்ட கரடும் கள்ளியும். இந்தாண்ட இருந்த ஊருக்குக் கள்ளியூர்னே பேரு. ஊர் பூராவும் ஆட்டுக்காரங்க.

அந்த ஆட்டுக்காரங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆட்டை ஒண்ணு ரெண்டுன்னு எண்ண மாட்டாங்க, ஒரு ஜோடி ரெண்டு ஜோடின்னுதான் எண்ணுவாங்க. கடைசியில ஜோடி சேராம ஒரு ஆடு நின்னுச்சுன்னா, ஐயையோ, ஒத்தை ஆடு மந்தைக்கு ஆகாதுன்னு அதை வித்துருவாங்க, இல்ல வெட்டிருவாங்க, இல்ல இன்னொண்ணை வாங்கி ஜோடி சேத்துருவாங்க. ஆட்டுக்கு மட்டும்னு நினைக்காதீங்க. ஆளுக்கும் அதே கணக்குதான்.

கோடை வந்துச்சுன்னா இந்தாண்ட குளம் வத்திரும். மந்தையை ஓட்டிக்கிட்டு அந்தாண்ட போயே ஆகணும். போறதுக்கு இருந்தது ஒரே ஒரு கணவாய். அந்தக் கணவாய்ல ஒரு பூதம்.

எப்பேர்ப்பட்ட பூதம்? பனைமரம் உயரத்துக்குக் கை, பானை பானையா கண்ணு. பசியைவிட அதுக்குப் பெரிய வியாதி ஒண்ணு இருந்துச்சு. எதைப் பாத்தாலும் சமமாப் பிரிச்சாகணும். மரத்தைப் பாத்தா இலையைப் பிரிக்கும், ஆத்தைப் பாத்தா கூழாங்கல்லைப் பிரிக்கும், பிரிக்க ஒண்ணும் இல்லைன்னா தன் கைவிரலைத் தானே இந்தப் பக்கம் அஞ்சு அந்தப் பக்கம் அஞ்சுன்னு மடக்கி மடக்கிப் பாத்துக்கிட்டு நடந்துக்கிட்டே இருக்கும். உக்காராது. கண்ணை மூடாது. பாவம்னுதான் சொல்லணும், ஆனா அதுகிட்ட மாட்டினவனைப் பாத்தா அப்படிச் சொல்ல வராது.

அந்தப் பூதத்துக்கு மலைச்சாமி ஒரு வரம் குடுத்திருந்துச்சு. ஐநூறு தலைக்குக் குறைஞ்ச மந்தை வந்தா அது மந்தையே இல்ல, பூதத்துக்குக் காலைப் பலகாரம், மொத்தமும் முழுங்கிக்கலாம். ஐநூறும் அதுக்கு மேலயும் வந்தா, வரிசை வரிசையா நிறுத்தணும். எல்லா வரிசையும் ஒரு தலைகூட முன்னப்பின்ன இல்லாம நின்னா, அதுல ஒரு வரிசை பூதத்துக்கு. முதல்ல ரெண்டு வரிசை, அது சேரலைன்னா மூணு, அதுவும் சேரலைன்னா நாலு. இப்படியே போகும். வரிசைக்கு ஒரே ஒரு ஆடுன்னு நிறுத்தினா அது வரிசையில சேராது. எப்படி நிறுத்தியும் சேரலைன்னா பூதத்துக்கு ஒண்ணும் கிடையாது. அப்படி ஒரு மந்தை அந்த வழியில வந்ததே இல்ல.

ஊர்க்காரங்க என்ன பண்ணுவாங்க, தனியாப் போனா பலகாரம்னு எல்லா ஆட்டையும் ஒண்ணாச் சேத்து ஓட்டிக்கிட்டுப் போவாங்க. முதல் கோடையில போனாங்க, ஜோடி ஜோடியாப் போனாங்க, பூதம் ரெண்டு வரிசை நிறுத்துச்சு, பாதி போச்சு. அடுத்த கோடையில போனாங்க, அப்பவும் ஜோடி ஜோடியாப் போனாங்க, ரெண்டு வரிசை, பாதி போச்சு. அதுக்கடுத்த கோடையில ஒருத்தன் புத்திசாலித்தனமா ஒரு ஆட்டைக் கழிச்சு விட்டான். பூதம் ரெண்டு வரிசை வச்சுது, சேரலை. மூணு வரிசை வச்சுது, அம்புட்டுத்தான், மூணுல ஒரு பங்கு போச்சு. குட்டி போட்டுப் போட்டு மந்தை தேறுறதும் பூதம் வந்து கழிக்கிறதுமாவே காலம் ஓடுச்சு.

நாலாவது கோடை வந்துச்சு. குளத்துல சேறுதான் மிச்சம். ஆடுகள் ஒரு இடத்துல நிக்காது, சுத்திச் சுத்தி வரும், கத்தும். ஆளுகளும் அப்படித்தான். எல்லார் ஆட்டையும் சேத்தா ஐநூத்து நாலு ஜோடி, ஆயிரத்து எட்டு ஆடு. பாதி போச்சுன்னா, தாகத்துல சாகுறது செத்தது போக, அடுத்த கோடைக்கு ஐநூறு தேறாது. தேறலைன்னா மொத்தமும் பலகாரம். ஊரே அதோட முடிஞ்சுது.

அந்த ஊர்ல காத்தாயின்னு ஒருத்தி இருந்தா. அந்த வருஷந்தான் அவ புருஷன் செத்துப் போனான். காரியம் முடிஞ்ச கையோட கொழுந்தன் இருளப்பன் குடும்பத்து ஆட்டையெல்லாம் ஜோடி ஜோடியா எண்ணித் தன் பட்டிக்குள்ள விட்டுக்கிட்டான். கடைசியில ஜோடி சேராம ஒரு கிடாரி, இன்னும் குட்டி போடாத பெட்டை ஆடு, நின்னுச்சு. காது கிழிஞ்ச கறுப்புக் கிடாரி.

"இந்தா அண்ணி, இது உன் பங்கு. ஒத்தைக்கு ஒத்தை, பொருத்தமா இருக்கு"ன்னு சொல்லிச் சிரிச்சான்.

காத்தாயி கயித்தைக் கையில வாங்கிக்கிட்டு, ஊர்க்கோடியில ஒரு குச்சுக்குடிசை போட்டுக்கிட்டா. ஊர்ல நல்லது கெட்டதுக்கு அவளைக் கூப்பிடுறதில்ல. அவளுக்கோ மனசு ஒரு இடத்துல நிக்காது. குடிசை வாசல் மணல்ல உக்காந்துக்கிட்டு விரலால புள்ளி குத்துவா, அழிப்பா, குத்துவா, அழிப்பா. ஆறு புள்ளி குத்துவா, ரெண்டு வரியா மடங்கும். ஒம்பது குத்துவா, மூணு வரியா மடங்கும். ஏழு குத்துவா, எப்படி மடக்கினாலும் மடங்காது, ஒரே கோடா நீட்டமாத்தான் நிக்கும். மடங்குறதுக்கு அவ வயல்னு பேரு வச்சா. மடங்காததுக்கு வரப்புன்னு பேரு வச்சா. பெரிய பெரிய எண்ணா எடுத்துக் குத்திப் பாத்தா. வயலுங்க அதிகம். ஆனா எவ்வளவு தூரம் போனாலும் எங்கேயாவது ஒரு வரப்பு தனியா நின்னுக்கிட்டிருந்துச்சு. அதைப் பாக்கும்போது அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலா இருக்கும்.

ஊர்க்கூட்டம் போட்டாங்க. காத்தாயி கூப்பிடாமலே கிடாரியையும் இழுத்துக்கிட்டுப் போய் நின்னா.

"என் ஆட்டையும் சேத்துக்கங்க, நானும் வாறேன்"ன்னா.

இருளப்பன் எந்திரிச்சுட்டான். "நல்லா இருக்கே! ஐநூத்து நாலு ஜோடி லட்சணமா இருக்கு, அதுல இந்த ஒத்தையைக் கொண்டுவந்து ஒட்டணுமாக்கும்? நீயும் உன் கிடாரியும் இங்கயே கிடங்க."

"இங்க கிடந்தா செத்துருவோம் தம்பி."

"அதுக்கு நாங்க என்ன பண்றது?"

ஊருக்குப் பெரியவரு சடையாண்டின்னு ஒரு கிழவரு. ஆட்டுக்காரங்க எல்லாருக்கும் அவர்தான் தலைவரு. அவரு கையைக் காட்டினாரு. "இருப்பா. ஏத்தா, உன்னைச் சேத்துக்கிட்டா ஊருக்கு என்ன லாபம்? அதைச் சொல்லு."

"ஐயா, ஆயிரத்து எட்டு வயலு. ரெண்டா மடங்கும். பாதி போயிரும். என் கிடாரி சேந்தா ஆயிரத்து ஒம்பது. அது வரப்பு. எப்படி நிறுத்துனாலும் மடங்காது."

எல்லாரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்தாங்க. ஒருத்தன் கேட்டான், "ஒத்தையா இருந்தாப் போதும்னா, ஒரு ஆட்டைக் கழிச்சு விட்டுட்டுப் போறோம். நீ எதுக்கு?"

"ஒண்ணைக் கழிச்சா ஆயிரத்து ஏழு. பத்தொம்பது வரிசை, வரிசைக்கு அம்பத்து மூணு. அம்பத்து மூணு ஆடு பூதத்து வாயில."

"இன்னும் கழிச்சா?"

"பதினோரு ஆட்டைக் கழிச்சாத்தான் அடுத்த வரப்பு வரும். தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தி ஏழு. பதினோரு ஆட்டை இங்கயே சாக விட்டுட்டுப் போகணும். சரி, யாரு ஆடு?"

இவன் அவன் ஆட்டைப் பாக்குறான், அவன் இவன் ஆட்டைப் பாக்குறான். என் ஆடுன்னு ஒருத்தனும் வாயைத் திறக்கலை.

சடையாண்டி கேட்டாரு, "ஏத்தா, ஆயிரத்து ஒம்பதை எத்தனை வரிசை வரைக்கும் வச்சுப் பாத்தே?"

"முப்பத்தொண்ணு வரைக்கும்."

"நாப்பத்தொண்ணுல மடங்குச்சுன்னா?"

"நாப்பத்தோரு வரிசை வச்சா, வரிசைக்கு இருபத்தஞ்சைத் தாண்டாதுங்கய்யா. நீங்க அதைப் பக்கவாட்டுல வந்து நின்னு பாருங்க. சின்ன எண்ணிக்கையில வரிசையும், வரிசைக்கு நாப்பத்தொண்ணுமாத் தெரியும். அந்தச் சின்ன எண்ணையெல்லாம் நான் முன்னயே வச்சுப் பாத்துட்டேன். முப்பத்திரண்டு வரிசை, வரிசைக்கு முப்பத்திரண்டுன்னு வச்சாலே நம்ம மந்தை பத்தாது. அதனால முப்பத்தொண்ணைத் தாண்டிட்டா அப்புறம் வர்றதெல்லாம் பழைய வயலைத் திருப்பிப் போட்டதுதான்."

கிழவரு எந்திரிச்சு, அவ சொன்ன மாதிரியே கையை ஒரு தடவை நீட்டமாவும் ஒரு தடவை அகலமாவும் வச்சுப் பாத்தாரு. பாத்துட்டு, "கிளம்புங்கடா. காத்தாயி முன்னால நடக்கட்டும்"னுட்டாரு. இருளப்பன் மூஞ்சி செத்த கோழி மாதிரி ஆயிருச்சு.

காலையில கிளம்பினாங்க. வெயில் ஏற ஏற மலை ஏறினாங்க. உச்சி நேரத்துக்குக் கணவாய்க்குப் போய்ச் சேந்தாங்க.

பூதம் மந்தையைப் பாத்துச்சு. நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுச்சு. "அடேயப்பா, இம்புட்டா! இம்புட்டுப் பெருசு எங்கேயாவது ஒரு இடத்துல பிரியாமலா போயிரும்? நில்லுங்க, நில்லுங்க!"

பனைமரக் கையால ஆட்டைத் தூக்கித் தூக்கி ரெண்டு வரிசை நிறுத்துச்சு. வரிசைக்கு ஐநூத்து நாலு. கடைசியில ஒரு ஆடு மிச்சம். காது கிழிஞ்ச கறுப்புக் கிடாரி.

"சரி, மூணு"ன்னுச்சு. வரிசைக்கு முந்நூத்து முப்பத்தாறு. ஒரு ஆடு மிச்சம். அதே கிடாரி.

"சரி, நாலு"ன்னுச்சு. வரிசைக்கு இருநூத்து அம்பத்திரண்டு. ஒரு ஆடு மிச்சம். அதே கிடாரிதான், வாயில ஒரு சருகை வச்சு மென்னுக்கிட்டு நிக்குது.

அஞ்சு வச்சுது, நாலு ஆடு மிஞ்சுச்சு. ஆறு வச்சுது, ஒண்ணு மிச்சம். ஏழு வச்சுது, ஒண்ணு மிச்சம். எட்டு வச்சுது, ஒம்பது வச்சுது, அப்பவும் அந்த ஒண்ணு. பூதத்துக்குக் கோவம் தலைக்கேறிருச்சு. கிடாரியை ரெண்டு விரலால தூக்கிப் பிடிச்சுது.

"இந்த ஒண்ணு மட்டும் இல்லைன்னா எல்லாம் எவ்வளவு அழகாப் பிரியுது! யாருடா இது? இது உங்க மந்தை ஆடுதானா? இல்ல, வழியில வந்து ஒட்டிக்கிட்டதா? எங்களுது இல்லைன்னு சொல்லுங்க, இதைத் தூக்கி எறிஞ்சுட்டு எண்ணுறேன். எவன் முதல்ல சொல்றானோ அவன் ஆட்டை மட்டும் தொடாம விட்டுர்றேன்."

இங்கதான் கேக்கணும் நீங்க. தாகத்துல ஆடுகள் கத்துது. ஆயிரம் ஆட்டுக்கு நடுவுல அவ்வளவு பேரு நிக்கிறாங்க, ஒருத்தன் வாயைத் திறந்தாப் போதும், காத்தாயி கதை முடிஞ்சுது. அவளால பேச முடியாது, அவ சொன்னா எடுபடாது. ஊர் சொல்லணும்.

இருளப்பன் ஒரு அடி முன்னால வந்தான். "அது வந்துங்க பூதமே..."

சடையாண்டி அவன் கால் மேல தன் காலை வச்சு அழுத்தி மிதிச்சாரு. மிதிச்சுக்கிட்டே, "எங்க ஆடுதான்"னாரு.

பின்னால இருந்து ஒருத்தன், "ஆமா, எங்க ஆடுதான்"னான். அப்புறம் இன்னொருத்தி, "எங்க ஆடுதான், கீழே விடுய்யா அதை, காலு நோகும்"னா. அப்புறம் எல்லாரும் சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. காத்தாயி முந்தானையால மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டா. வேர்வைன்னு நினைச்சுக்குவோம்.

பூதம் கிடாரியைக் கீழே விட்டுட்டுப் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பத்து வச்சுது, பதினொண்ணு வச்சுது, பன்னெண்டு வச்சுது. ஆடுங்க சும்மா நிக்குமா? இங்க நிறுத்தினா அங்க ஓடுது, அங்க நிறுத்தினா இங்க ஓடுது. ஒரு வரிசை கலைஞ்சா மறுபடி முதல்ல இருந்து. இருபது வச்சுது, முப்பது வச்சுது. முப்பத்தோரு வரிசை, வரிசைக்கு முப்பத்திரண்டு, பதினேழு மிச்சம். முப்பத்திரண்டு வரிசை, வரிசைக்கு முப்பத்தொண்ணு, அதே பதினேழு மிச்சம்.

"பூதத்தண்ணே, முடிஞ்சுபோச்சு, வழி விடுங்க"ன்னா காத்தாயி.

"எங்க முடிஞ்சுது? முப்பத்து மூணு இருக்கே! முப்பத்து நாலு இருக்கே! ஐநூறு வரைக்கும் இருக்கே!"

"இனிமே வர்றதெல்லாம் பழசைத் திருப்பிப் போட்டதுண்ணே."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. வச்சுப் பாக்காம எப்படி நம்புறது? பிரியாம ஒண்ணு இருக்கும்னா... இல்ல இல்ல, எங்கேயோ பிரியும். எனக்குத் தெரியும், எங்கேயோ பிரியும்." பூதத்தோட கண்ணு சிவந்து போச்சு, ஆனா நிறுத்த முடியலை அதால.

ரெண்டு குட்டி தாகத்துல சுருண்டு விழுந்துருச்சு. இது ஐநூறு வரைக்கும் எண்ணி முடிக்கிறதுக்குள்ள மந்தையே செத்துரும். காத்தாயி சுத்தும் முத்தும் பாத்தா. ஆடு அவ்வளவு நேரம் நின்னா சும்மாவா நிக்கும்? கணவாய் பூராவும் புழுக்கை. சிரிக்காதீங்க, கேளுங்க.

"அண்ணே, ஆடு ஓடுறதுனாலதானே உங்க வரிசை கலையுது? ஓடாத ஒண்ணை வச்சு எண்ணினா என்ன?"

"ஓடாததா? எங்க இருக்கு?"

"இதோ காலடியில கிடக்கே. ஒரு ஆடு உங்களைத் தாண்டிப் போனா ஒரு புழுக்கையை எடுத்து இப்படி வைங்க. அடுத்த ஆடு போனா அடுத்த புழுக்கை. எத்தனை ஆடோ அத்தனை புழுக்கை, ஒண்ணு கூடாது, ஒண்ணு குறையாது. அப்புறம் அதை நீங்க எப்படி வேணும்னாலும் நிறுத்திப் பாருங்க, இடத்தை விட்டு அசையாது. எந்த எண்ணுல பிரியுதோ அந்த எண்ணைச் சொல்லிக்கிட்டு எங்ககிட்ட வாங்க, ஒரு வரிசை ஆட்டைக் குடுத்துர்றோம். அந்தாண்டதானே இருக்கப் போறோம்?"

பூதம் யோசிச்சுது. ஒரு புழுக்கையை எடுத்து வச்சுப் பாத்துச்சு. அசையலை. இன்னொண்ணை வச்சுது. அசையலை. அதுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. "இது நல்லா இருக்கே! இத்தனை நாள் தெரியாமப் போச்சே!"

ஆடு ஒண்ணொண்ணாத் தாண்டுச்சு, பூதம் ஒண்ணொண்ணா வச்சுது. கடைசியில கறுப்புக் கிடாரி தாண்டுச்சு, ஆயிரத்து ஒம்பதாவது புழுக்கையை வச்சுது. வச்சதும் குந்த வச்சு உக்காந்து முப்பத்து மூணு வரிசை பிரிக்க ஆரம்பிச்சுருச்சு. மந்தை அந்தாண்ட இறங்கி, ஓடை கண்ட இடத்துல வாயை வச்சுது. சுருண்டு விழுந்த குட்டிங்க ரெண்டையும் தோள்ல தூக்கிட்டுப் போயிருந்தாங்க. தண்ணி பட்டதும் அதுங்களும் காலை உதறிக்கிட்டு எந்திரிச்சுருச்சு.

அந்தாண்ட கோடை முழுக்க நல்லா மேஞ்சுது, குட்டி போட்டுச்சு, மந்தை பெருகுச்சு. இந்தாண்ட மழை பெஞ்ச சேதி வந்துச்சு. காத்தாயி மணல்ல உக்காந்து, திரும்பும்போதும் அதே கணவாய், அதே பூதந்தானேன்னு, குட்டிகளையும் சேத்து ஒரு வரப்பு பாத்துக்கிட்டிருந்தா. பெரிய எண்ணு, நேரம் பிடிச்சுது.

இருளப்பனுக்குப் பொறுக்கலை. "அவ பின்னாலயே நடக்கணும்னு எனக்கு என்ன தலையெழுத்தா? பூதம் புழுக்கையைக் கட்டிக்கிட்டு அழுது, தலையை நிமித்தக்கூட நேரம் இல்ல அதுக்கு. நான் முன்னால போய் நல்ல புல்லா பாத்து வளைச்சுப் போட்டுக்கிறேன்"னான்.

"தனியாப் போகாதே தம்பி, கொஞ்சம் பொறு"ன்னு காத்தாயி சொல்லத்தான் செஞ்சா.

"நீ உன் புள்ளியைக் குத்து அண்ணி"ன்னுட்டுத் தன் அறுபது ஆட்டையும் ஜோடி ஜோடியாப் பிரிச்சு ஓட்டிக்கிட்டுப் போனான்.

பூதம் கணவாய்ல குனிஞ்சு உக்காந்திருந்துச்சு. கோடை பூராவும் அதுக்கு ஒரு வரிசைகூடச் சேரலை. காத்தடிச்சா ஒரு புழுக்கை உருண்டுரும், மறுபடி முதல்ல இருந்து. அப்பப் பாத்து ஜோடி ஜோடியாக் காலடிச் சத்தம் கேட்டுச்சு. நிமிந்து பாத்துச்சு. அதுக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு.

"அப்பாடா! பிரியுறது ஒண்ணு வந்துச்சுடா!" ரெண்டா நிறுத்துச்சு, சேந்துச்சு. மூணா நிறுத்துச்சு, சேந்துச்சு. நாலு, அஞ்சு, ஆறு, எல்லாம் சேந்துச்சு. ஆசை தீர நிறுத்திப் பாத்துட்டு, "தம்பி, அறுபதுதானே? இது மந்தையில்ல, பலகாரம்"னு மொத்தத்தையும் வாயில போட்டுக்கிட்டு, மறுபடி புழுக்கைகிட்ட போய் உக்காந்துருச்சு. இருளப்பன் கையில கம்பு மட்டும் இருந்துச்சு. ஒத்தைக் கம்பு.

காத்தாயியும் ஊரும் பின்னால வந்தாங்க, ஒரே மந்தையா, வரப்பு மாதிரி நீட்டமா. பூதம் எந்திரிக்கக்கூட இல்ல.

"உன் மந்தையா? போ தாயி, போ. எங்கிட்ட ஒண்ணு இருக்கு, அதுவே போதும்."

நாலு எட்டு வச்சவளைப் பின்னால இருந்து கூப்பிட்டுச்சு. சத்தமே இல்லாமக் கேட்டுச்சு.

"தாயி, உண்மையைச் சொல்லு. பிரியுமா, பிரியாதா?"

"பிரியாதுண்ணே. அன்னைக்கே சொன்னேனே."

"சொன்னே. நம்பத்தான் முடியலை"ன்னுட்டு, குனிஞ்சு அடுத்த வரிசையை வைக்க ஆரம்பிச்சுது.

இருளப்பன் காத்தாயி முன்னால நடந்த ஊர் மந்தையில கூலிக்கு ஆடு மேய்ச்சுப் பிழைச்சான். அதுக்கப்புறம் கள்ளியூர்ல மிஞ்சி நிக்கிறதை யாரும் துரத்தி விடுறதில்ல. தனியா நிக்கிறது எதுவா இருந்தாலும், ஆடோ ஆளோ, அது சேந்தாத்தான் நம்ம கணக்கு தப்பிக்கும்னு அவங்களுக்குத் தெரிஞ்சு போச்சு. நீங்களும் தெரிஞ்சுக்கங்க.

ஆடெல்லாம் மலை தாண்டிருச்சு, கதையும் அதோட தாண்டிருச்சு. பூதத்துக்குத்தான் தூக்கம் இல்ல, உங்களுக்கு என்ன? படுங்க.